நாங்க நாலு பேரு

ஜெகதீஸ்வரி மோகனராஜை ‘அண்ணே’ என்று கூப்பிடத் தொடங்கிப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. மோகனராஜ் அவளைவிட மூன்று மாதம் இளையவர்.

இருவரும் ஒரே திங்கட்கிழமை வேலைக்குச் சேர்ந்தவர்கள். பினாங்கில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பழைய கடைவீட்டின் மேல்மாடியில் அலுவலகம். செங்குத்தான மரப்படிக்கட்டில் அவளுக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்த ஆளுக்கு அடர்ந்த மீசையும் தோல்பையும் இருந்தன. மேலதிகாரி என்று நினைத்து, “அண்ணே, ஆபீஸ் இதுதானே?” என்று கேட்டுவிட்டாள். அவரும் அன்றைக்குச் சேர வந்தவர்தான். மத்தியானத்துக்குள் மேசைமேல் கிடந்த படிவத்தில் அவருடைய பிறந்த தேதி அவள் கண்ணில் பட்டுவிட்டது. ஆனால் தமிழில் அண்ணன் பட்டம் கொடுக்க ஒரு நொடி போதும். திரும்ப வாங்கிக்கொள்ள வழி கிடையாது. திடீரென்று தம்பி என்றால் சண்டை என்று அர்த்தமாகும், பெயரைச் சொன்னால் திமிர் என்று அர்த்தமாகும். மூன்று மாதம் இளைய மனிதர் அப்படியே மூத்தவராக நிலைத்துவிட்டார்.

அலுவலகத்தின் கீழே ஒரு காலத்தில் முதலாளி அப்துல் அஜீஸின் தகப்பனார் மசாலாச் சாமான் விற்றார். இப்போது அங்கே கைப்பேசி உறை விற்கிறார்கள். சீரக வாசனை மட்டும் காலி செய்ய மறுத்துவிட்டது. மாடியில் பதினொரு பேர், தொழிற்சாலைகளில் மின்னணுச் சில்லுகளைச் சோதிக்கும் இயந்திரங்களுக்கு சி மொழியில் புரோகிராம் எழுதுகிறார்கள். இந்த வாசனையில் இப்படி ஒரு வேலை நடக்கிறது என்று எந்த வாடிக்கையாளரும் நம்பமாட்டார் என்பது அஜீஸின் கருத்து. அதனால் வாடிக்கையாளர்களை அவர் ஓட்டலில்தான் சந்திப்பார்.

ஜெகதீஸ்வரிக்கு மோகனராஜ்மேல் பொறாமை. இதை அவள் மறைத்ததில்லை, சொன்னதுமில்லை. சன்னலோர மேசை அவருக்குப் போனது. தைவானுக்கு இரண்டு தடவை அவரைத்தான் அனுப்பினார்கள். இரண்டு தடவையும் அவள் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து வைத்திருந்தாள். அவருடையது சிலோன் தமிழர் குடும்பம். தாத்தா ரயில்வேயில் கிளார்க், அப்பா பள்ளி ஆசிரியர்; நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்குவது மூன்று தலைமுறைப் பழக்கம். அவள் சுங்கை பாக்காப் பக்கத்து எஸ்டேட் லைனில் பிறந்தவள். அவள் வீட்டில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவளே. நியாயப்படி பார்த்தால் அதிக தூரம் ஏறியவள் அவள்தான். ஆனால் ஆபீசில் யாரும் நியாயப்படி பார்ப்பதில்லை, சன்னலைப் பார்க்கிறார்கள்.

பினாங்கில் எல்லாரையும்போல அவரும் ஆபீசில் பினாங்குத் தமிழ்தான் பேசுவார். ‘ஆமா’ என்பதற்கு மட்டும் ‘ஓம்’ என்று வந்துவிடும். புதிதாகச் சேர்ந்தவர்கள் அவரைப் பக்திமான் என்று நினைத்துக் கூடுதல் மரியாதை கொடுத்தார்கள். அதையும் அவள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

இவற்றையெல்லாம்விடக் கொடுமை சாப்பாட்டு நேரம். ஒரு மணிக்கு அவள், கூட வேலை செய்யும் காமினி, அதிரா, இயந்திரத்தின் கம்பியும் மோட்டாரும் பார்க்கும் ஹாஃபிஸ் ஆகிய நால்வரும் பக்கத்து நாசி கண்டார் சோற்றுக்கடைக்குப் போவார்கள். போகும்போது மரியாதைக்காக மோகனராஜிடம், “அண்ணே, நாங்க சாப்புட போறோம்” என்பாள். நாங்க என்றால் நாங்கள். நீங்கள் இருங்கள் என்று பொருள். தமிழ் தெரிந்த எந்த மனிதனுக்கும் இது விளங்க வேண்டும். மோகனராஜ் ‘ஓம்’ என்று எழுந்து, பர்ஸை எடுத்துக்கொண்டு, அவர்களுக்கு முன்னால் படியிறங்குவார். கடையில் மின்விசிறிக்கு நேர் கீழே ஒரே ஒரு நாற்காலிதான் உண்டு. அதில் உட்காருவார். பத்தொன்பது ஆண்டுகளும் இப்படித்தான். இவ்வளவு வெட்கங்கெட்ட ஆளை இந்தத் தீவில் பார்த்ததில்லை என்று அவள் வீட்டில் சொல்லாத வாரம் கிடையாது.

இப்போது இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இயந்திரம் இல்லாவிட்டால் இந்தப் பொறாமை சாதாரணப் பொறாமையாகவே முடிந்திருக்கும்.

நான்கு ஸ்டேஷன் உள்ள சோதனை இயந்திரம் அது. ஒரு தட்டில் நான்கு சில்லுகள் வந்து நிற்கும். நான்கு ஸ்டேஷன்களும் ஒரே நேரத்தில் அளக்கும். நான்கும் முடித்தபின் ஒரு இயந்திரக் கை தட்டை நகர்த்தி அடுத்ததைக் கொண்டுவரும். புரோகிராமுக்குள் ஒவ்வொரு ஸ்டேஷனையும் ஒரு த்ரெட், அதாவது தனியாக ஓடும் ஓர் இழை, கவனிக்கிறது, கையை ஒரு த்ரெட் கவனிக்கிறது. இவை ஐந்தும் தனித்தனி ஆட்கள் மாதிரி. ஒருவர் என்ன செய்கிறார் என்று மற்றவருக்குத் தெரியாது. ஆகவே அளந்து முடித்ததும் ஒரு முறை, தட்டு நகர்ந்ததும் ஒரு முறை எல்லாரும் ஓரிடத்தில் வந்து நின்று, மற்றவர்கள் வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த இடத்துக்கு பேரியர் என்று பெயர்.

கல்யாணத்துக்கு வேன் பிடித்துப் போனவர்களுக்கு பேரியர் தெரிந்த விஷயம்தான். பத்துப் பேர் ஏறினால்தான் வேன் கிளம்பும். முதலில் வந்தவர் வேட்டி கசங்க உட்கார்ந்திருக்க வேண்டும். பத்தாவது ஆள் ஏறிய நொடியில் எல்லாருக்கும் ஒன்றாக விடுதலை. பேரியரை உருவாக்கும்போது எத்தனை பேர் என்று ஒரு எண் கொடுக்க வேண்டும். எண்தான், பெயர்கள் அல்ல. யார் வந்தது என்று அது பார்ப்பதில்லை. எத்தனை பேர் வந்தது என்று மட்டும் பார்க்கிறது. வேலை முடிந்ததும் அதை அழித்துவிட வேண்டும். ஆனால் உள்ளே யாராவது காத்துக்கொண்டிருக்கும்போது அழித்தால் என்ன நடக்கும் என்று சொல்வதற்கில்லை என விதிமுறை ஏடே கைவிரித்துவிடுகிறது.

அதில் இன்னொரு விநோதமும் உண்டு. பேரியர் திறக்கும்போது காத்திருந்தவர்களில் யாரோ ஒருவருக்கு மட்டும் ஒரு தனி அடையாளம் கிடைக்கும். மற்ற எல்லாருக்கும் பூஜ்யம். யாருக்குக் கிடைக்கும் என்பதற்குக் காரணம் கிடையாது. முதலில் வந்தவராக இருக்க வேண்டும் என்றில்லை, நன்றாக உழைத்தவராக இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஜெகதீஸ்வரி முதன்முதலில் இதைப் படித்தபோது, தன் அலுவலகத்தைப் பற்றி யாரோ துணிந்து எழுதிவிட்டார்கள் என்றே நினைத்தாள். அவர்கள் கணினியில் அந்தத் தனி அடையாளத்தின் மதிப்பு கழித்தல் ஒன்று, அதாவது பூஜ்யத்தைவிடக் குறைவு. அது கிடைத்தவர் எல்லாருக்காகவும் சேர்த்து அறிக்கை எழுத வேண்டும் என்பது அவள் தானே செய்த ஏற்பாடு. இந்த இரண்டு விஷயங்களையும் அவள் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வேலையைப் பிரித்தபோது நான்கு ஸ்டேஷன்கள் அவளுக்கு வந்தன. கையும், பேரியரை உருவாக்குவதும் அழிப்பதும் மோகனராஜுக்குப் போயின. மும்மூர்த்திகளின் இலாகாவில் படைத்தலும் அழித்தலும் அவரிடம். அவளுக்குக் கிடைத்தது காத்தல்கூட இல்லை, காத்திருத்தல். அவள் தன் நான்கு த்ரெட்டுகளோடு சேர்ந்துகொண்டு ‘நாங்க’ என்று பேச ஆரம்பித்தாள். நாங்க முடிச்சிட்டோம், உங்க கை இன்னும் வரல என்று சன்னல் பக்கம் பார்த்துச் சொல்வாள்.

மே மாதத்தில் அஜீஸ் ஒரு விஷயத்தைச் சொன்னார். இயந்திரத்தை ஓட்டலுக்குக் கொண்டுபோக முடியாது என்பதால், வரும் வியாழக்கிழமை வாடிக்கையாளர் அலுவலகத்துக்கே வந்து அதை ஓட்டிப் பார்த்து ஏற்றுக்கொள்வார். அது முடிந்ததும் அடுத்து வரப்போகும் எட்டு ஸ்டேஷன் இயந்திரத்துக்குத் தலைமை யார் என்று அறிவிப்பார். எட்டு ஸ்டேஷன் என்றால் தனி அறை, கீழே ஆறு பேர், அநேகமாகத் தைவான். ஜெகதீஸ்வரிக்கு நாற்பத்தைந்து வயது. இந்த முறை போனால் அடுத்த முறை அவளைவிட இளையவர் யாருக்காவது போகும், அநேகமாக அவரையும் அவள் அண்ணே என்று கூப்பிட வேண்டியிருக்கும்.

திங்கட்கிழமை முழு ஓட்டம் ஓட்டிப் பார்த்தார்கள். கடைசித் தட்டு நகர்ந்தது. திரையில் ‘முடிக்கிறது’ என்று வந்தது. முடிக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்தார்கள், அப்போதும் ‘முடிக்கிறது’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. சிறிய ஓட்டங்களில் இதற்கு முன்பும் சில தடவை இப்படி நடந்ததுண்டு. அப்போதெல்லாம் மின்சாரத்தை அணைத்துத் திரும்பப் போட்டுவிட்டு, யாரும் பேசாமல் இருந்தார்கள்.

மோகனராஜ் முறைப்படி எழுதுகிறவர். ஐந்து த்ரெட்டுகளும் வேலை முடிந்து வெளியே வந்துவிட்டனவா என்று பார்த்து, வராதவருக்குக் காத்திருந்து, அதன்பிறகுதான் பேரியரை அழிக்கும்படி எழுதியிருந்தார். எங்கேயோ யாரோ வரவில்லை. அதனால் அழிக்கும் வரிக்குப் புரோகிராம் போய்ச் சேரவே இல்லை. அவசரக்காரன் எழுதியிருந்தால் எல்லாவற்றையும் அடித்து நொறுக்கிவிட்டு ‘முடிந்தது’ என்று சொல்லியிருக்கும், ஒருவருக்கும் சந்தேகம் வந்திருக்காது. அவருடைய ஒழுங்குதான் அவரைக் காட்டிக்கொடுத்தது.

அன்று மூன்று மணிக்கு ஜெகதீஸ்வரி அவருடைய கோப்பைத் திறந்தாள். பத்தே நிமிடம். பேரியரை உருவாக்கும் வரியில் எண் நாலு என்று இருந்தது.

ஸ்டேஷன்கள் நாலு, கை ஒன்று. ஐந்து பேர் வந்து நிற்கும் இடத்துக்கு நாலு என்று சொல்லியிருக்கிறார். வேன்காரர் தன்னையும் சேர்த்துப் பத்து என்று எண்ணிவிட்டதுபோல. வண்டி கிளம்பிவிடுகிறது, ஓர் அத்தை மட்டும் இன்னும் புடவை கட்டிக்கொண்டிருக்கிறாள். கையும் மூன்று ஸ்டேஷன்களும் வந்த உடனே பேரியர் திறந்துகொள்கிறது. எது மெதுவாக அளக்கிறதோ அது அளந்து முடிக்கும் முன்னே தட்டு நகர்ந்துவிடுகிறது. கடைசியில் கணக்குப் பொருந்தாமல் யாரோ ஒருவர் வராத ஆளுக்காக உள்ளேயே நிற்கிறார். இரண்டு மாதமாக மூன்றாம் ஸ்டேஷன் நல்ல சில்லுகளைக் கெட்டது என்று தள்ளிக்கொண்டிருந்தது. அதுதான் நாலில் மெதுவானது. கம்பியில் கோளாறு என்று முடிவுசெய்து ஹாஃபிஸ் அதன் கம்பியை இரண்டு தடவை மாற்றியிருந்தார்.

அவள் வாழ்க்கையில் அவ்வளவு அழகான நாலைப் பார்த்ததில்லை. கோப்பை மூடினாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. வியாழக்கிழமை வாடிக்கையாளர் முன்னால் ‘முடிக்கிறது’ என்று திரை நிற்கும், மோகனராஜுக்கு வேர்க்கும், அப்போது அவள் எழுந்து போய் ஒரே ஒரு விசையைத் தட்டி நாலை ஐந்தாக்குவாள். எந்தச் சுடிதார் என்பதுவரை தீர்மானித்துவிட்டாள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது கணவர் தங்கராஜுவிடம் மட்டும் சொன்னாள். அவர் பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். எதை எங்கே இறக்குவது என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் தூக்குவார்.

“உனக்கு என்ன வேணும்? மெஷின் ஓடணுமா, மோகன் முழிக்கணுமா?”

“ரெண்டும்.”

“ரெண்டும் ஒண்ணா வராதுலா. ஒண்ணச் சொல்லு.”

அவள் அவருக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மோகனராஜ் சிவந்த கண்களோடு வந்தார். விடையைக் கண்டுபிடிக்கவில்லை, ஒரு குறுக்குவழியைக் கண்டுபிடித்திருந்தார். வெளியே வராதவருக்குக் காத்திருக்கும் வரிகளை எடுத்துவிட்டு, நேராக பேரியரை அழித்துவிட்டார். இப்போது திரை உடனே ‘முடிந்தது’ என்கிறது. அஜீஸுக்கு ஒரே சந்தோஷம். அலுவலக விதிப்படி ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். ஒருக்காப் பார்த்துவிட்டு ஓகே போடு ஜெகா என்று மோகனராஜ் சொல்லிவிட்டு, நிற்காமல் போய்விட்டார்.

அவளுடைய வியாழக்கிழமை கண்முன்னே கலைந்தது. காத்து நிற்கும் ஆளின் தலைமேலேயே பேரியரை இடிப்பது இது. வாடிக்கையாளர் முன்னால் எல்லாம் சரியாக ஓடி முடியலாம், நடுவில் செத்தும் போகலாம். யாராலும் சொல்ல முடியாது. ஓடி முடிந்தால் மூன்றாம் ஸ்டேஷன் நல்ல சில்லுகளைத் தள்ளிக்கொண்டே இருக்கும், எட்டு ஸ்டேஷன் மோகனராஜுக்குப் போகும். இதை எழுத்தில் மறுத்துவிடுவதே மேல் என்று நினைத்தாள். மறுப்பதென்றால் ஆதாரத்தோடு மறுக்க வேண்டும். அந்த நாலு எப்போது எழுதப்பட்டது என்று பழைய பதிவுகளைத் தேடினாள்.

எழுதியவர்: மோகனராஜ், மார்ச் பன்னிரண்டு. ஒப்புதலுக்கு அனுப்பிய நேரம் பன்னிரண்டு ஐம்பத்தேழு. ஒப்புதல் கொடுத்தவர் ஜெகதீஸ்வரி. நேரம் பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. குறிப்பு: ஓகே.

முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகளை ஒரு நிமிடத்தில் படித்திருக்கிறாள். படித்திருந்தால்.

பொறாமைப்படுகிறவர்கள் எதிராளியை உன்னிப்பாகக் கவனிப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஜெகதீஸ்வரி அவருடைய மேசையை, நாற்காலியை, விமானச் சீட்டை, ‘ஓம்’மைக் கவனித்தாள். அவர் எழுதியதை மட்டும் பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு தடவையும் முழுதாகப் படிக்கவில்லை. முதல் பத்து வரி சுத்தமாக இருக்கும், வயிறு எரியும், ஓகே போட்டு மூடிவிடுவாள். அவரைக் கவிழ்க்கக்கூடிய ஒரே இடத்துக்கு அவளுடைய பொறாமை அவளைப் போகவிடவில்லை.

பிறகு அவளுக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவர் வாட்ஸப்பில், பேரியருக்கு எத்தனை பேர் என்று கேட்டிருந்தார். அவள் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். தேடி எடுத்துக் காதில் வைத்துக் கேட்டாள்: “நாங்க நாலு பேரு அண்ணே. சீக்கிரம் போடுங்கலா.”

அவளுக்கு உயிர் வந்தது. நாங்க நாலு பேரு. நாம என்று சொல்லவில்லை. நாங்கள் நாலு, உங்களோடு ஐந்து. அவள் படிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் சரியாகச் சொல்லியிருக்கிறாள். இலக்கணம் அவள் பக்கம்.

புதன்கிழமை காலை கைப்பேசியோடு அஜீஸின் அறைக்குப் போனாள். மோகனராஜையும் கூப்பிட்டார்கள். நாலு ஐந்தாக இருக்க வேண்டும் என்று அவள் காட்டினாள். மோகனராஜ் திரையைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், மெதுவாகத் தலையில் கை வைத்தார். அப்புறம் அவள் குரல் செய்தியைப் போட்டுக் காட்டினாள்.

அஜீஸ் கேட்டுவிட்டு, “நாங்க நாலுன்னா உன்னையச் சேக்கலியே மோகன். உன்னோட சேந்தா அஞ்சு. இதுல என்ன சந்தேகம்?” என்றார்.

மோகனராஜுக்குப் பதற்றம் வந்தால் ஆபீஸ் தமிழ் கழன்று வீட்டுத் தமிழ் வெளியே வந்துவிடும். “நாலு எண்டுதானே சொல்லுது பாஸ்? நாங்கள் எண்டா எல்லாரும்தானே.”

“எல்லாருன்னா?”

“எல்லாரும். கேக்கிற ஆளையும் சேத்துத்தான். அம்மா ‘நாங்கள் கோயிலுக்குப் போவம்’ எண்டு என்னட்டச் சொன்னா, என்னையும் கூட்டிக்கொண்டு போறதுக்குத்தான். விட்டுட்டுப் போறதுக்கா?”

“அப்ப நாம?”

“அது படத்தில பேசுறது.”

ஜெகதீஸ்வரியின் மனசு பேரியரை விட்டு வேறெங்கோ போய்விட்டிருந்தது. படியிறங்கி, தெருவைக் கடந்து, மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு நாற்காலியில் போய் நின்றது.

“அப்ப நான் தெனமும், நாங்க சாப்புட போறோம்னு உங்ககிட்ட சொன்னப்ப...”

“கூப்பிட்டாய், வந்தன்.” அவர் அவளைப் புரியாமல் பார்த்தார். “ஒருநாள்கூட விடாமக் கூப்பிட்டாய். வீட்டில சொல்லுவன், ஜெகா நல்ல பிள்ளை, ஆளை மறக்காது எண்டு.”

அஜீஸ் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. திரும்பியபோது முகம் முதலாளி முகமாகிவிட்டது.

“சரி, கேட்ட காது மோகனோடது. ஓகே போட்ட கை யாரோடது?”

“என்னோடது பாஸ்.”

“படிச்சியா?”

“இல்ல.”

“ஏன்?”

வேலை அதிகம் என்று சொல்லியிருக்கலாம். சாப்பாட்டு நேரம் என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. “நல்லா இருக்குமோன்னு பயந்துதான்” என்றாள்.

மோகனராஜுக்கு இது விளங்கவில்லை. அஜீஸுக்கு விளங்கியிருக்க வேண்டும். இந்த நாலை எப்போது பார்த்தாய் என்று மட்டும் கேட்டார். திங்கட்கிழமை மூன்று மணி என்று அவள் சொன்னாள். இன்றைக்குப் புதன் என்று அவர் நினைவூட்டினார். மேற்கொண்டு அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மோகனராஜ் நாலை ஐந்தாக்கினார். எடுத்துவிட்ட வரிகளைத் திரும்பப் போட்டார்: எல்லாரும் வெளியே வரட்டும், பிறகு அழிப்போம். அவளுக்கு அனுப்பினார். ஜெகதீஸ்வரி முதன்முறையாக அவர் எழுதியதை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாள். இரண்டு மணி நேரம் ஆனது. பயந்தது சரிதான், நன்றாகவே இருந்தது. ஓர் இடத்தை மட்டும் வேறு மாதிரி எழுதியிருக்கலாம் என்று தோன்றியது. திரும்பப் படித்தபோது அதுவும் தோன்றவில்லை. ஓகே போட்டாள்.

வியாழக்கிழமை வாடிக்கையாளர்கள் மூவர் வந்தார்கள். அவள் தீர்மானித்திருந்த சுடிதாரையே போட்டுக்கொண்டு பின்வரிசையில் நின்றாள். தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. மூன்றாம் ஸ்டேஷன் ஒரு நல்ல சில்லையும் தள்ளவில்லை. கடைசித் தட்டு போனதும் ‘முடிக்கிறது’ என்று வந்தது. அவள் எண்ணினாள்: நான்கு ஸ்டேஷன்களும் வந்தன, கை வந்தது, பேரியர் அழிந்தது. ‘முடிந்தது’ என்றது திரை. தூக்கிப்போட்ட தன் இரண்டு கம்பிகளிடமும் யார் மன்னிப்புக் கேட்கப்போகிறீர்கள் என்று ஹாஃபிஸ் மலாயில் கேட்டார்.

வெள்ளிக்கிழமை அஜீஸ் தொழுகைக்குக் கிளம்பும் முன் எல்லாரையும் கூட்டி, எட்டு ஸ்டேஷன் ஜெகதீஸ்வரிக்கு என்றார். அவளே திடுக்கிட்டாள். காரணம் கேட்டவர்களுக்கு அவர் சொன்னது இதுதான்: எழுதுகிறவன் யாராக இருந்தாலும் தப்புச் செய்வான், ஆனால் இனிமேல் இந்தப் பெண் ஒரு வரியைக்கூடப் படிக்காமல் விடாது, அவ்வளவு பயந்துபோயிருக்கிறது.

பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு தனி அடையாளம் அவளுக்கு வந்தது. தனி அறை என்பது பழைய மசாலாச் சாமான் சேமிப்பு அறை. சன்னல் கிடையாது, சீரகம் உண்டு. தைவான்காரர்கள் இந்தத் தடவை தாங்களே பினாங்குக்கு வருகிறார்களாம். வாரம்தோறும் ஏழு பேருக்கும் சேர்த்து அறிக்கை எழுத வேண்டியது தலைமையின் பொறுப்பு. கழித்தல் ஒன்று என்பதன் பொருள் அவளுக்கு விளங்கத் தொடங்கியது.

மோகனராஜ் வாசலில் வந்து நின்று வாழ்த்துச் சொன்னார். போகும்போது ஏதோ ஞாபகம் வந்தவர்போலத் திரும்பினார். “இனியாவது மோகன் எண்டு கூப்பிடலாம் ஜெகா. நான் உன்னைவிடச் சின்னவன். பத்தொன்பது வருசமா என்னைக் கிழவனாக்கி வச்சிருக்கிறாய்.”

படிவம் அவர் கண்ணிலும் பட்டிருக்கிறது. அவள் முயற்சி செய்தாள். மோகன் என்றுதான் ஆரம்பித்தாள்; வாய் தானாகவே அண்ணே என்று முடித்துவிட்டது.

அடுத்த திங்கட்கிழமை ஒரு மணி. அவள் முதல் அறிக்கையின் பாதியில் இருந்தாள். வாசலில் ஹாஃபிஸ், காமினி, அதிரா மூவரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மோகனராஜ் உள்ளே தலையை நீட்டி, “நாங்கள் சாப்பிடப் போறம், ஜெகா” என்றார்.

ஜெகதீஸ்வரி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். அவர் வீட்டுத் தமிழில் இது அழைப்பு. ஆனால் புதன்கிழமைக்குப் பிறகு அவருக்கு அவளுடைய தமிழும் தெரியும். அதைக் கற்றுக்கொண்டு சொல்லியிருந்தால், இதற்கு நீ இரு என்று பொருள். குரலில் வித்தியாசம் தெரியவில்லை. வாசலில் எண்ணிப் பார்த்தாள், நாலு பேர் நின்றார்கள். இத்தனை ஆண்டுகளாக நாலு பேராகப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டவள் அவள்தான். இப்போது அந்த நாலில் தான் இல்லை என்று நினைத்ததும் வயிற்றில் பழைய எரிச்சல் புதிய இடத்தில் எரிந்தது.

ஒரே தப்பை இரண்டாம் முறை செய்வதாக இல்லை. “எத்தனை பேரு?” என்று கேட்டாள்.

மோகனராஜ் கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்துக் காட்டிவிட்டுப் படியிறங்கினார்.

அவள் அறிக்கையைச் சேமித்து, விளக்கை அணைத்து, கடைசி ஆளாகத் தெருவைக் கடந்தாள். கடையில் நால்வரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாவது ஆள் வரட்டும் என்று யாரும் இன்னும் தட்டு வாங்கவில்லை. மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த நாற்காலியில் மோகனராஜ் உட்கார்ந்திருந்தார்.